கழற்றிய ஹார்ட் டிஸ்க்குக்கு ஊரில் ஒரு வேலை

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. என் லேப்டாப்பில் இருப்பது எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர், ஆகவே 11-க்குப் போகத் தடையில்லை. போன பிறகுதான் உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கால் இனி இழுக்க முடியாது என்று தெரிந்தது. 1 டிபி, நிமிடத்துக்கு 5400 சுற்று. பட்டனை அழுத்திவிட்டுப் போய்க் குளித்து வந்தாலும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிரைவ்) ஒன்றை வாங்கி, பழையதைக் கழற்றிய இடத்தில் பொருத்தி, விண்டோஸைப் புதிதாகவே போட்டேன். குளோன் செய்யவில்லை, பல வருடக் குப்பையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போக மனமில்லை. லேப்டாப் நன்றாக ஓடுகிறது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. எழுத வேண்டியது கழற்றி வைத்த டிஸ்க்கைப் பற்றித்தான்.

அதை என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். லேப்டாப்பின் டிவிடி டிரைவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேடி எனப்படும் சட்டம் போட்டு மாட்டலாம் என்பது ஒன்று. செய்யலாம்தான், டிரைவின் தடிமன் 9.5 மி.மீ.யா 12.7 மி.மீ.யா என்று அளந்துவிட்டுக் கேடி வாங்க வேண்டும். ஆனால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், லேப்டாப்பைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் டிஸ்க் அதிர்ச்சியும் வாங்கும். சிசிடிவி டிவிஆரில் போட்டுவிடு என்றார் நண்பர். அது வேண்டாம். இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கிற வேலைக்கென்று தனியாக 3.5 இன்ச் டிஸ்க்குகள் வருகின்றன, லேப்டாப் டிஸ்க் அதற்குச் செய்ததல்ல. யுஎஸ்பி போர்ட் உள்ள ரவுட்டரில் செருகி வீட்டுக்குப் பொதுவாக வைப்பது நல்ல யோசனை. எனக்கு அதைவிட அவசரமான வேலை ஒன்று காத்திருந்தது.

நான் இருப்பது தர்மபுரி டவுனில், சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். எங்கள் மாவட்டத்திலும், 2004 வரை எங்களோடு ஒன்றாக இருந்த கிருஷ்ணகிரி பக்கத்திலும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் தெருக்கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். பல ஊர்களில் பதினெட்டு நாள் நடக்கும். அப்பா வெகுகாலம் ஒரு கூத்து செட்டில் தாளம் போட்டவர். அவர் வாசித்ததும், அவர் செட்டைச் சேர்ந்தவர்கள் ஆடியதும், பிற்பாடு நான் போனில் எடுத்ததுமாக வீட்டில் நிறையப் பதிவுகள் உண்டு. திருவிழாவுக்கு வீடியோ எடுத்த ஸ்டூடியோக்காரர்கள் கொடுத்த வீசிடிகள், அப்புறம் வந்த டிவிடிகள், மெமரி கார்டுகள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் சேர்த்தேன். 600 ஜிபி அளவுக்கு வந்துவிட்டது. அதில் ஆடியவர்களில் பலர் இன்று இல்லை. அந்தப் பதிவுகள் ஒரே டிஸ்க்கில், ஒரே பீரோவில் இருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொரு பிரதி வேண்டும். அதுவும் அதே பீரோவில் இருந்தால் பிரயோஜனமில்லை. திருட்டோ மின்கசிவோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். பென்னாகரம் இங்கிருந்து சுமார் 30 கி.மீ. அங்கே அப்பா இருக்கிறார், டிவி இருக்கிறது, பார்க்க ஆசையும் இருக்கிறது. கழற்றிய டிஸ்க் அங்கே போனால் அவர் நினைத்தபோது கூத்துப் பார்ப்பார், எனக்கு வேறு வீட்டில் ஒரு பிரதி இருக்கும். பழைய டிஸ்க்குக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. நின்றுபோனாலும் மூலம் தர்மபுரியில் பத்திரமாக இருக்கும். பழைய டிஸ்க்கில் ஒரு பொருளின் ஒரே பிரதியை வைக்கக் கூடாது, இரண்டாவது பிரதியைத் தாராளமாக வைக்கலாம்.

பழையதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக இன்னொரு எஸ்எஸ்டியே வாங்கலாமே என்றும் சிலர் கேட்டார்கள். எழுதி, கழற்றி, அலமாரியில் மாதக்கணக்கில் சும்மா வைக்கிற வேலைக்கு எஸ்எஸ்டி அவ்வளவு பொருத்தமில்லை. வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு வகுத்த தரம் என்ன கேட்கிறது தெரியுமா? எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைத் தாங்கினால் போதும். புது எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும் என்பது சரி. ஆனாலும் செல்லுக்குள் மின்னூட்டமாக நிற்கிற தகவலைவிடத் தட்டில் காந்தமாகப் பதிந்த தகவலைத்தான் அலமாரிக்கு நான் நம்புகிறேன்.

அடுத்தது கேஸ், அதாவது கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பியில் செருக வைக்கிற பெட்டி. 2.5 இன்ச் சாட்டா டிஸ்க்குக்கு யுஎஸ்பி 3.0 கேஸ் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். லேப்டாப் டிஸ்க் 5 வோல்ட்டிலேயே ஓடுவதால் தனி அடாப்டர் தேவையில்லை. டெஸ்க்டாப்பில் இருக்கும் 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும், அதற்கு அடாப்டரோடு வருகிற கேஸ்தான் வாங்க வேண்டும். டிஸ்க்கையும் லேப்டாப்பையும் கடைக்கே எடுத்துப் போனேன். கேஸுக்குள் இருக்கும் சிப், டிஸ்க்கின் ஸ்மார்ட் தகவலை (தன் நிலைமையைப் பற்றி டிஸ்க் தானே வைத்திருக்கிற கணக்கு) கணினிக்குக் கடத்துகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாக் கேஸும் கடத்துவதில்லை.

“எந்தக் கேஸ்னாலும் ஒண்ணுதாண்ணா, எல்லாம் ஓடும்” என்றார் கடைத் தம்பி.

“ஓடும்பா. உள்ள என்ன கோளாறுன்னு காட்டணும். ஒருதரம் செருகிப் பார்த்துக்கறேன்.”

முதலில் கொடுத்ததில் டிஸ்க் திறந்தது, ஸ்மார்ட் எண்களைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஒன்றும் வரவில்லை. அடுத்ததில் எல்லா எண்களும் வந்தன. அதையே வாங்கினேன். கேஸ் 9.5 மி.மீ. டிஸ்க்குக்குச் செய்தது, என் டிஸ்க் 7 மி.மீ. கூடவே வந்த ஃபோம் துண்டை மேலே ஒட்டியதும் ஆடாமல் உட்கார்ந்துவிட்டது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் நிறம் காட்டியது. மஞ்சளைப் பார்த்ததுமே டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நிறத்தைவிட எந்த வரியால் மஞ்சள் வந்தது என்பதுதான் முக்கியம், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பார்க்க வேண்டிய வரிகள் சிலதான். 05 என்ற வரி, கெட்டுப்போன செக்டார்களுக்கு (தகவல் எழுதுகிற சின்னத் துண்டுகள்) பதிலாக டிஸ்க் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த மாற்றுச் செக்டார்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டார்கள். சி6, சோதனையில் சரிசெய்ய முடியாமல் போனவை. சி7 ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள். இன்னொன்று, அந்த மென்பொருள் கடைசிப் பத்தியில் காட்டுகிற எண்கள் பதினாறடிமான எண்கள். என் டிஸ்க்கில் சி5-க்கு நேரே 10 என்று இருந்தது. அது பத்து அல்ல, 16. ஆப்ஷனில் போய் நாம் எண்ணுகிற பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

16 என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இப்போதைய டிஸ்க்குகள் உள்ளே 4096 பைட் செக்டாராக எழுதினாலும், வெளியே 512 பைட் செக்டார் என்றுதான் கணினியிடம் சொல்கின்றன. உள்ளே ஒரு செக்டார் சந்தேகமானால் வெளியே எட்டு என்று எண்ணிக்கை வரும். ஆக என் டிஸ்க்கில் தடுமாறியவை உண்மையில் இரண்டே செக்டார். 05 பூஜ்யத்தில் இருந்தது, சி6-உம் பூஜ்யம். ஓடிய நேரம் ஒன்பதாயிரம் மணிக்குக் கொஞ்சம் மேல்.

சி5-இல் நிற்கிற செக்டார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கலாம், லேப்டாப் அதிர்ந்திருக்கலாம். எழுதியது அரைகுறையாக நின்றால் அதைப் படிக்க முடியாது, அதனால் சந்தேகப் பட்டியலுக்குப் போய்விடும். அதன்மேல் புதிதாக எழுதினால் டிஸ்க் முடிவெடுத்துவிடும். எழுத்து ஒழுங்காக நின்றால் பட்டியலிலிருந்து நீக்கும், சி5 இறங்கும். நிற்காவிட்டால் மாற்றுச் செக்டார் கொடுக்கும், சி5 இறங்கி 05 ஏறும். ஆகவே தகவலையெல்லாம் வெளியே எடுத்த பிறகு டிஸ்க் முழுவதும் ஒருமுறை எழுதிப் பார்ப்பதுதான் நேரான சோதனை.

அதற்கு முன் தகவலை எடுக்க வேண்டுமே. எஸ்எஸ்டி போட்ட அன்றே பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள். சில வாரம் தொடாமல் வைத்தால் எது விட்டுப்போனது என்று தானாகத் தெரியவரும். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாரும் எடுத்துவிடுவார்கள். பிரவுசர் புக்மார்க்குகளும், ஏதோ ஒரு மென்பொருள் சி டிரைவின் மூலையில் போட்டு வைத்த பேக்கப்பும் பிறகுதான் ஞாபகம் வரும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்ட டிஸ்க் என்றால் கழற்றி வேறு வழியாகச் செருகும்போது 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். கழற்றுவதற்கு முன்பே அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

டிஸ்க்கில் பட்டா நகல், ஆதார் ஸ்கேன், வங்கி ஸ்டேட்மென்ட், மனைவியின் சான்றிதழ்கள் எல்லாம் இருந்தன. ஊரில் அந்த டிஸ்க்கை யார் வேண்டுமானாலும் எடுத்து எதில் வேண்டுமானாலும் செருகுவார்கள். குயிக் ஃபார்மேட் பட்டியலை மட்டும்தான் அழிக்கும், உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். ஃபோட்டோரெக் மாதிரி ஓர் இலவச மென்பொருள் போதும், எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிடலாம். முழு ஃபார்மேட் அப்படியல்ல. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. பழைய தகவலும் போய்விடும், நான் மேலே சொன்ன சோதனையும் அதோடு முடிந்துவிடும்.

லேப்டாப்பிலிருந்து வந்த டிஸ்க் என்பதால் அதில் விண்டோஸ் தன் தேவைக்கு உண்டாக்கிய சின்னச் சின்னப் பார்ட்டிஷன்கள் இருந்தன. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அவற்றை வலது கிளிக் செய்தால் அழிக்கும் வழியே வராது. டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவிதான் வழி. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்க்பார்ட், பிறகு லிஸ்ட் டிஸ்க். இங்கே அவசரமே கூடாது. பட்டியலில் 465 ஜிபி என்று இருப்பது எஸ்எஸ்டி, 931 ஜிபி என்று இருப்பது பழையது. 1 டிபி 931 ஆகத் தெரிவதில் கோளாறு ஒன்றுமில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆகக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். அளவைப் பார்த்து எண்ணை உறுதிசெய்துவிட்டு செலக்ட் டிஸ்க் 1. மறுபடி லிஸ்ட் டிஸ்க் கொடுத்தால் தேர்ந்தெடுத்த டிஸ்க்குக்கு முன்னால் நட்சத்திரக் குறி நிற்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளீன், டிஸ்க்கின் பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழிக்கிற கட்டளை. இந்தக் கட்டளை ‘நிச்சயமாகவா’ என்று ஒரு வார்த்தை கேட்காது.

அதன் பிறகு கன்வெர்ட் எம்பிஆர். டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலை எழுதுகிற பழைய முறை அது. இப்போதெல்லாம் ஜிபிடி முறைதான் வழக்கம், கணினிக்கு அதுவே நல்லது. டிவிக்குத்தான் எம்பிஆர். சில வருடம் பழைய டிவிகள் பலவற்றுக்கு ஜிபிடி டிஸ்க்கே கண்ணில் படாது. எம்பிஆரின் எல்லை 2 டிபி, என் டிஸ்க் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ். அப்பாவின் டிவியோடு வந்த கையேட்டில் எஃப்ஏடி32, என்டிஎஃப்எஸ் இரண்டைத்தான் போட்டிருந்தது, எக்ஸ்ஃபேட் இல்லை. எஃப்ஏடி32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. போனில் ஃபுல் எச்டியில் ஒரு மணி நேரம் எடுத்தால் ஏழரை ஜிபி வரும். கூத்தோ விடிய விடிய நடக்கும். ஆகவே என்டிஎஃப்எஸ்ஸைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

முழு ஃபார்மேட்டைப் பங்குனி வெயிலில் ஒரு மதியம் போட்டேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. தொடக்கத்தில் வினாடிக்கு 120 எம்பி அளவில் எழுதியது, முடிவில் பாதியாகக் குறைந்தது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றுகிறது, வெளி வட்டம் நீளமானது, ஒரு சுற்றில் அதிகம் எழுதலாம், உள்வட்டம் சின்னது. அதனால் வேகம் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது சூட்டுக்கு. காற்றுப் போக வழியில்லாத கேஸுக்குள் டிஸ்க் 54 டிகிரியைத் தொட்டது. இந்த வகை டிஸ்க்குகளுக்குப் பொதுவாக 60 டிகிரிதான் எல்லை. கேஸைத் திறந்து, டிஸ்க்கை ஒரு மரப்பலகைமேல் ஆடாமல் வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். மளமளவென்று 43-க்கு இறங்கியது. நீண்ட நேரம் எழுதுகிற வேலை இருந்தால் ஃபேனை முதலிலேயே வைத்துவிடுங்கள்.

முடிந்ததும் ஸ்மார்ட் பார்த்தேன். சி5 பூஜ்யம். 05-உம் பூஜ்யம். அந்த இரண்டு செக்டார்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை, எழுத்துத்தான் கெட்டிருந்தது. மஞ்சள் போய் நீலம் வந்தது. அதோடு விடாமல் ஜிஸ்மார்ட்கண்ட்ரோல் என்ற மென்பொருளில் நீண்ட சோதனையும் ஓட்டினேன். இதில் யுஎஸ்பி கேஸ்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சோதனை டிஸ்க்குக்குள்ளேயே நடப்பதால் கணினியிலிருந்து போக்குவரத்து எதுவும் இருக்காது. டிஸ்க் சும்மா இருக்கிறது என்று நினைத்து கேஸ் தூங்கப் போய்விடும், சோதனை பாதியில் அறுந்துவிடும். ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை அவ்வப்போது அதில் சேமிக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் தூங்காது. சோதனை பிழையில்லாமல் முடிந்தது.

இதே சோதனையில் தோற்ற டிஸ்க்கும் என்னிடம் உண்டு. உறவுக்காரப் பையனின் லேப்டாப்பிலிருந்து வந்த 320 ஜிபி. எழுதிப் பார்த்ததும் சி5 இறங்கியது, ஆனால் 05 ஏறியது. மறுபடி எழுதினால் இன்னும் ஏறியது. இருந்த இடத்தில் நிற்கிற 05-ஐ ஓரளவு பொறுக்கலாம், ஏறிக்கொண்டே போகிற 05 உள்ள டிஸ்க்கில் ஒரு பாட்டைக்கூட வைக்கக் கூடாது. அதை டார்க்ஸ் (நட்சத்திர முனை) ஸ்க்ரூ டிரைவரால் திறந்து உள்ளிருந்த காந்தங்களை எடுத்தேன். விரல் நசுங்குகிற அளவுக்குப் பலமான நியோடிமியம் காந்தங்கள். இப்போது என் மேஜையில் திருகுகளை அவைதான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. வளைத்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கைவைக்க வேண்டாம்.

600 ஜிபியைக் காப்பி செய்ய இரவு முழுவதும் ஆனது. முதலில் 110 எம்பி வேகம், கொஞ்ச நேரம் கழித்து 25-க்கு விழுந்துவிட்டது. 7 மி.மீ. தடிமனில் வருகிற 1 டிபி டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் வகை. ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பை அடுத்த தடம் கொஞ்சம் மூடுகிற மாதிரி எழுதுவது அதன் முறை. நடுவில் இருக்கும் ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் மேலே இருக்கும் ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டியிருக்கும் அல்லவா, அதற்குத்தான் அந்த நேரம். அடிக்கடி எழுதி அழிக்கிற வேலைக்கு இது சரிவராது. ஒருமுறை எழுதி நூறுமுறை பார்க்கிற கூத்துக்கு ஒரு குறையும் இல்லை.

காப்பி முடிந்தது என்று திரை சொன்னால் மட்டும் போதாது. 7-ஜிப்பில் வலது கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பட்டியல் ஒன்றை மூல டிஸ்க்கில் உண்டாக்கி, அதைப் புதுப் பிரதியோடு ஒத்துப் பார்த்தேன். அந்தப் பட்டியலை இரண்டு டிஸ்க்கிலும் வைத்திருக்கிறேன். பிற்காலத்தில் ஒரு ஃபைல் கெட்டால் எந்தப் பக்கத்தில் கெட்டது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வீசிடியிலிருந்து வந்த ஃபைல்கள் டிஏடி என்ற பின்னொட்டோடு இருக்கும். உள்ளே இருப்பது எம்பெக்-1 வீடியோதான், ஆனால் டிவி அதை வீடியோவாகவே எடுத்துக்கொள்ளாது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே எம்பிஜி ஆக மாற்றினேன். 352-க்கு 288 புள்ளி கொண்ட படம். அதை மறுபடி என்கோட் செய்தால் இருக்கிற கொஞ்சநஞ்சத் தெளிவும் போய்விடும். போனில் எடுத்த நீளமான பதிவுகளைக் கட்டம் கட்டமாக வெட்டினேன். ஏழு மணி நேர ஃபைலில் கர்ணன் வருகிற இடத்தை ரிமோட்டை வைத்துத் தேடச் சொல்வது வயசானவருக்குக் கொடுமை. லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் தரம் குறையாமல் வெட்டித் தரும். கட்டியங்காரன் வருகை ஒன்று, திரை விலகி வேஷம் வெளியே வருவது ஒன்று, தர்க்கம் ஒன்று என்று பிரித்தேன். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டால்தான் டிவியில் வரிசை மாறாமல் வரும். 1, 2 என்று போட்டால் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். தமிழில் பெயர் வைத்தால் சில டிவிகள் வெறும் கட்டங்களாகக் காட்டும். அப்பாவின் டிவியில் தமிழ் சரியாக வருகிறதா என்று முன்கூட்டியே பென்டிரைவில் ஒரு ஃபைல் போட்டுப் பார்த்தேன். வந்தது. ‘துகில்’, ‘அர்ச்சுனன் தபசு’, ‘கர்ணன் சண்டை’, ‘படுகளம்’ என்று ஃபோல்டர்கள் போட்டாயிற்று. தபசில், அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரத்தில் ஏறி உச்சியிலிருந்து பழமும் விபூதியும் வீசுகிற இடத்தை நான் கீழிருந்து எடுத்திருக்கிறேன். ஒரு எலுமிச்சம்பழம் நேராகக் கேமராவை நோக்கி வரும். அந்த இடத்தை மட்டும் தனி ஃபைலாகவும் வைத்தேன்.

ஊரில் டிவியில் செருகியதும் கேஸின் விளக்கு மினுங்கியது, விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது, டிக் என்றது, அடங்கியது. மறுபடியும் விர், டிக். டிஸ்க் கெட்டுவிட்டது என்று இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பலர் முடிவுகட்டிவிடுவார்கள். இது மின்சாரப் பற்றாக்குறை. யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. டிஸ்க்கின் லேபிளில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. சுற்றத் தொடங்கும் அந்த வினாடியில்தான் அதிகம் கேட்கும், அப்புறம் குறைவாகவே இழுக்கும். சில டிவிகளில் பின்பக்கம் எச்டிடி என்று எழுதிய போர்ட் தனியாக இருக்கும், அதில் செருகினால் ஓடிவிடும். அப்பாவின் டிவியில் ஒரே போர்ட். இதை எதிர்பார்த்து ஒய் கேபிள் கொண்டுபோயிருந்தேன். ஒரு முனை டிஸ்க்குக்கு, மற்ற இரண்டில் ஒன்று டிவிக்கு, ஒன்று 2 ஆம்பியர் போன் சார்ஜருக்கு. செருகியதும் ஒரே சீராகச் சுற்றியது.

அப்புறம் டிவி ஒரு கேள்வி கேட்டது, இந்த டிஸ்க்கை நிகழ்ச்சிப் பதிவுக்குத் தயார் செய்யட்டுமா என்று. சரி என்று அழுத்தினால் டிவி தனக்கு வேண்டிய மாதிரி ஃபார்மேட் செய்துவிடும், உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். ரிமோட்டில் எந்தப் பட்டனை அழுத்தி வேண்டாம் என்று சொல்வது என்பதை அப்பாவுக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் காட்டிக்கொடுத்தேன், கேஸின் மேலேயும் மார்க்கரால் எழுதி ஒட்டினேன்.

கரண்ட் போவது எங்கள் பக்கம் புதிதல்ல. திடீரென்று மின்சாரம் நின்றால் ஹார்ட் டிஸ்க் தன் தட்டு சுற்றுகிற வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து, படித்து எழுதுகிற ஹெட்டைத் தட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிடும். அருமையான ஏற்பாடு, ஆனால் அவசரத்துக்கு உள்ளது; தினமும் நடக்க வேண்டியதல்ல. எத்தனை முறை அப்படி நடந்தது என்று சி0 வரியில் எண்ணிக்கை ஏறும். டிவி, சார்ஜர் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிற ஒரே பிளக் பாயின்ட்டுக்கு மாற்றினேன். பார்த்து முடித்ததும் முதலில் டிவியை அணைக்க வேண்டும், சுற்றும் சத்தம் நின்ற பிறகுதான் டிஸ்க்கைத் தொட வேண்டும். ஓடும்போது ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. மேஜையிலிருந்து விழுந்தால் போயிற்று. கேஸை டிவி ஸ்டாண்டின் உள்தட்டில் வெல்க்ரோ போட்டு ஒட்டிவிட்டேன்.

“மொதல்ல கர்ணனைப் போடு” என்றார் அப்பா.

முகவீணை போனில் கொஞ்சம் கிறீச்சென்றுதான் பதிவாகியிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே, ஹார்மோனியக்காரர் எந்த இடத்தில் சுருதி ஏற்றினார், பின்பாட்டுக்காரர் எந்த அடியை விட்டுவிட்டார் என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். அவர் சொல்வதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆடியவர் பெயர், ஊர், எந்த வருடத் திருவிழா என்று ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைக்கத் தொடங்கியிருக்கிறேன். டிவியில் இது தெரியாது, கணினியில் திறக்கிறவர்களுக்குத் தெரியும்.

இன்னும் கொஞ்சம் டிவிடி பாக்கி இருக்கிறது. கீறல் விழுந்து, ஒரு டிரைவில் பாதியில் நின்றுபோனவை. லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்று ஒன்று உண்டு. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, விட்டுப்போன இடங்களின் கணக்கைத் தனி ஃபைலில் வைத்துக்கொள்ளும். அதே டிவிடியை வேறொரு டிரைவில் போட்டு அதே கணக்கோடு தொடர்ந்தால் முதல் டிரைவால் முடியாத இடங்களில் சிலவற்றை இது படித்துவிடும். நண்பரிடமிருந்து பழைய டெஸ்க்டாப் டிவிடி டிரைவ் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அவை தேறியதும் மூல டிஸ்க்கில் சேர்த்து, திருவிழாவுக்குப் போகும்போது ஊர் டிஸ்க்கை எடுத்துவர வேண்டும். வந்ததும் முதலில் சி5, பிறகு செக்சம், இரண்டும் சரியாக இருந்தால்தான் புதுப் பதிவுகள்.